எம்.டி.க்கு யார் அப்ரைசல் போடுவது?

கேள்வி:

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் உதவி மேலாளராக இருக்கிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அப்பா தொடங்கியது, இப்போது மகன் எம்.டி., அப்பா சேர்மன். மொத்தம் 420 பேர், அதில் மாதச் சம்பள ஸ்டாஃப் 180. போன வருடம் புது அப்ரைசல் முறை கொண்டுவந்தோம். ஒவ்வொருவருக்கும் கே.ஆர்.ஏ. (வருட வேலை இலக்குகள்), 1 முதல் 5 வரை ரேட்டிங். கடைசி 10 சதவீதம் பேருக்கு இன்கிரிமென்ட் கிடையாது, மூன்று மாதம் பி.ஐ.பி. (வேலையைத் திருத்திக்கொள்ளக் கொடுக்கும் கெடு), அதற்குள் தேறாவிட்டால் வேலை இல்லை.

இந்த வருடம் டெலிவரி சறுக்கியது. ஜூனில் ஓட வேண்டிய வெல்டிங் லைன் நவம்பரில்தான் ஓடியது. 18 பேர் கடைசிப் பட்டியலில் வந்தார்கள். ஆனால் ஒன்பது துறைத் தலைவர்களுக்கும் எம்.டி. 4 போட்டார், முழு இன்சென்டிவ். எம்.டி.க்கு ரேட்டிங்கே கிடையாது, கமிஷன் வழக்கம்போல. பட்டியலில் வந்த ஒரு ப்ரெஸ் ஷாப் சூப்பர்வைசரின் ஃபாரத்தைப் பெயர் மறைத்து இணைத்திருக்கிறேன். இரண்டு லட்சத்துக்கு மேல் எந்தப் பேமென்ட்டும் எம்.டி. கையெழுத்து இல்லாமல் போகாது. அவர் வெளிநாட்டில் இருந்த சமயம் காயில் (தகடுச் சுருள்) சப்ளையருக்குப் பணம் போகவில்லை, ப்ரெஸ் எட்டு நாள் நின்றது. அந்த சூப்பர்வைசர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்களுக்கு நீங்க போடுறீங்க மேடம், சாருக்கு யார் போடுவாங்க?" என்று கேட்டார்.

தலைமைக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? குடும்பக் கம்பெனியில் அது நடக்குமா? வீட்டுக்கடனும் இரண்டு குழந்தைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிற நான் இதை எப்படிச் சொல்வது?

– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்:

அந்த சூப்பர்வைசர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார் என்றால், உங்கள் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான கம்பெனிகளில் இந்தக் கேள்வி டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும்தான் ஓடும். ஹெச்.ஆர். காதுக்கு வருவதற்குள் நல்ல வேலைக்காரர்கள் நாலு பேர் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார்கள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தலைமைக்கும் அதே தரம் வேண்டும் என்பது முழுக்க நியாயம். ஆனால் அதே ஃபாரம் வேண்டும் என்று கேட்காதீர்கள். சூப்பர்வைசரின் வேலையை ஷிஃப்ட் முடிவில் எண்ணிவிடலாம். எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன், டை (ப்ரெஸ் அச்சு) மாற்ற எத்தனை நிமிடம். எம்.டி.யின் வேலை முடிவெடுப்பது, பணத்தை நேரத்தில் நகர்த்துவது, சரியான ஆளைச் சரியான இடத்தில் வைப்பது. அதை ஷிஃப்ட் கணக்கில் அளக்க முடியாது. ஆனால் ஃபாரத்துக்குப் பின்னால் இருக்கிற விதிகள் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இலக்கு வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். தன்னைத் தவிர வேறு ஒருவர் மதிப்பிட வேண்டும். தவறினால் காரணம் கேட்கப்பட வேண்டும். முடிவு சம்பளத்தைத் தொட வேண்டும். உங்கள் 180 பேருக்கும் இந்த விதிகள் இருக்கின்றன. எம்.டி.க்கு ஒன்றுகூட இல்லை. ஒன்பது துறைத் தலைவர்களுக்கு மதிப்பிடுபவர் இருக்கிறார், ஆனால் ஒன்பது பேருக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறது. டெலிவரி சறுக்கிய வருடத்தில் பர்ச்சேஸ் தலைவருக்கும் ப்ராஜெக்ட் தலைவருக்கும் குவாலிட்டி தலைவருக்கும் ஒரே 4 என்றால், அங்கே யாரும் யாரையும் மதிப்பிடவில்லை.

நீங்கள் அனுப்பிய ஃபாரத்தை நிதானமாகப் படித்தேன். இந்தப் பிரச்னை முழுவதும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. ரிஜெக்‌ஷன் இலக்கு 1.5 சதவீதம், அவர் எட்டியது 1.1. டை மாற்றும் நேரம் 35 நிமிடம் என்று கொடுத்திருக்கிறீர்கள், அவர் 31-க்குக் கொண்டுவந்திருக்கிறார். டீமில் லீவு எடுப்பது கட்டுக்குள் இருக்கிறது, விபத்து எதுவும் இல்லை. ஆன்-டைம் டெலிவரி மட்டும் 95-க்கு 83. அதற்கு எடை 40. 85-க்குக் கீழே போனால் மொத்த ரேட்டிங் 2-ஐத் தாண்டக் கூடாது என்று அடிக்குறிப்பில் ஒரு விதி வேறு. ஊழியர் கருத்து என்ற கட்டத்தில், "காயில் இல்லை, 8 நாள். பர்ச்சேஸுக்கு மெயில் அனுப்பியுள்ளேன்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே மேலதிகாரி எழுதியது, "முன்கூட்டியே திட்டமிடும் பழக்கம் வளர வேண்டும்."

தன் கையில் இருந்த நாலு விஷயத்திலும் அந்த மனிதர் தேறியிருக்கிறார். கையில் இல்லாத ஒன்றில் தோற்றிருக்கிறார். எட்டு நாள் ப்ரெஸ் நின்றால் பேக்லாக் அடைய இரண்டு மாதமாவது ஆகும், 83 அப்படித்தான் வந்திருக்கும். அந்த எட்டு நாளுக்குக் காரணமான பேமென்ட் எந்த மேஜையில் கிடந்ததோ, அந்த மேஜைக்கு ஃபாரமே இல்லை. ஒரே நிகழ்வு, கீழே இருப்பவருக்கு அது குறைந்த ரேட்டிங், மேலே இருப்பவருக்கு அது ஒரு வெளிநாட்டுப் பயணம். தலைமைக்கும் அளவுகோல் வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். மேலே அளக்காவிட்டால் மேலே நடந்த தவறு மறைந்துபோவதில்லை. அது கீழே இருப்பவர் கணக்கில் எழுதப்படுகிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்பது அந்த வங்கியின் தலைமை வைத்த இலக்கு. சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, இன்ஷூரன்ஸ் என்று எதையாவது சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கிளைகளில் தினமும் எண்ணிக்கை கேட்பார்கள். எட்ட முடியாதவர்கள் வேலைக்குப் பயந்து, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் பெரிதாக வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, அப்படிச் சுமார் 20 லட்சம் கணக்குகள் இருக்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் அந்த எண் 35 லட்சம் ஆனது.

அதற்கு முன் ஐந்து வருடங்களில் அந்த வங்கி 5,300 பேரை வேலையிலிருந்து எடுத்திருந்தது. பெரும்பாலும் கிளை ஊழியர்கள். ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் பேர் பிடிபடுவதை, நம் கண்காணிப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகத் தலைமை எடுத்துக்கொண்டது. இயக்குநர் குழுவே 2017 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில், இதைத் தனித்தனி ஊழியர்களின் ஒழுக்கக் குறைவு என்றே பார்த்தார்கள், விற்பனை முறையே பிழை என்று பார்க்கவில்லை என்று வருகிறது. இத்தனை வருடம் ஆயிரக்கணக்கில் ஆட்களை எடுத்தவர்கள், அந்த எட்டு என்ற எண்ணை வைத்தது யார் என்று தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை.

செனட் குழு முன்னால் நிறுத்திக் கேட்ட பிறகுதான் தலைமையின் பணத்தில் கை வைக்கப்பட்டது. தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்டம்ப் முதலில் 4.1 கோடி டாலர் பங்குகளை இழந்தார், 2016 அக்டோபரில் பதவி விலகினார், அடுத்த ஏப்ரலில் இன்னும் 2.8 கோடி டாலர் திரும்ப எடுக்கப்பட்டது. 2020-இல் வங்கி கட்டுப்பாட்டு அமைப்பு அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதம் போட்டு, வங்கித் தொழிலிலேயே இனி இருக்கக் கூடாது என்றது. தாமதமாக வந்தாலும் வந்தது. ஆனால் 5,300 பேருக்கு ஐந்து வருடம் முன்பே வந்துவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வருடம் ஆட்களை எடுத்தபோதே, இலக்கு வைத்தவரின் ரேட்டிங்கிலும் அது ஏறியிருந்தால், இரண்டாவது வருடம் இலக்கை மாற்றியிருப்பார்கள்.

உங்கள் கம்பெனியில் யாரும் திருடவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை. உங்கள் எம்.டி.யைக் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. பேமென்ட் கையெழுத்தை அவர் தன்னிடம் வைத்திருப்பதற்கு ஏதோ ஒரு பழைய அனுபவம் காரணமாக இருக்கும். ஆனால் உங்கள் முறையின் அமைப்பு அதேதான். இலக்கு மேலிருந்து வருகிறது, தண்டனை கீழே நிற்கிறது.

"அவர் முதலாளி, அவர் பணம், அவரை யார் கேட்பது?" இது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கே இரண்டு வேடங்களைப் பிரித்துப் பாருங்கள். பங்குதாரராக அவருக்கு டிவிடெண்ட் வரும், அதை யாரும் அப்ரைசல் செய்ய முடியாது. எம்.டி. என்ற பதவிக்காக அவர் சம்பளமும் கமிஷனும் எடுக்கிறார். அது வேலைக்கான கூலி. நாளை வெளியிலிருந்து ஒரு ப்ரொஃபஷனலை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் அவரிடம் என்னென்ன கேட்பார்களோ, அவ்வளவும் இன்று அங்கே உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்கலாம். கேட்க வேண்டியது நீங்களோ நானோ இல்லை, போர்டு. உங்கள் விஷயத்தில் சேர்மனான அப்பா.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குச் சட்டமே இதைச் சொல்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 178-வது பிரிவின்படி, சம்பளக் கொள்கையை வகுக்கும் குழு, இயக்குநர்களின் சம்பளத்துக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சுயேச்சை இயக்குநர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் தனியாகக் கூடி, சேர்மன் உட்பட மற்ற இயக்குநர்களின் செயல்திறனை ஆராய வேண்டும். ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் கம்பெனி ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று வருடாந்தர அறிக்கையில் அச்சடிக்க வேண்டும். உங்களைப் போன்ற பிரைவேட் கம்பெனிகளை இவை கட்டுப்படுத்தாது. ஆனால் நல்ல வழக்கத்தைக் கடன் வாங்கச் சட்டத்தின் அனுமதி தேவையில்லையே.

வங்கிகளிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். தலைமை எடுக்கும் முடிவின் பலன் அதே வருடத்தில் தெரியாது. இன்று வாங்கும் மெஷின் சரியான மெஷினா என்பது மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் தனியார் வங்கிகளுக்குப் போட்ட விதியில், தலைமைச் செயல் அதிகாரியின் மொத்தச் சம்பளத்தில் குறைந்தது பாதி, செயல்திறனைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும் என்றது. அந்த மாறும் பகுதியிலும் குறைந்தது 60 சதவீதத்தைக் கையில் கொடுக்காமல் மூன்று வருடத்துக்காவது தள்ளிவைத்துப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இடையில் தவறு தெரிந்தால் நிறுத்தலாம், கொடுத்ததைத் திரும்பவும் கேட்கலாம். ஐசிஐசிஐ வங்கி 2018 மார்ச்சில் தன் தலைவர் சந்தா கோச்சர் மேல் புகார் எழுந்தபோது, அவர் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது என்று அறிக்கை விட்டது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரித்து 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்ததும், அவர் ஏற்கெனவே விலகியிருந்ததைப் பணிநீக்கமாகக் கருதுவதாகவும், 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸைத் திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. உள்ளேயே இருக்கும் போர்டு முதலில் சொன்னதும், வெளியாள் ஒருவர் பார்த்த பிறகு சொன்னதும் எவ்வளவு வேறாக இருந்தன என்பதைக் கவனியுங்கள். மதிப்பிடுபவர் வெளியிலிருந்து வருவதற்கு அவ்வளவு வலு இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் தண்டனையைப் பற்றியே பேசுவது போலத் தோன்றும். தானாக முன்வந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் நின்டென்டோ 2011-இல் 3டிஎஸ் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நினைத்தபடி விற்கவில்லை. சில மாதங்களிலேயே விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 ஆக இறக்க வேண்டிவந்தது. தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். 2014-இல் இன்னொரு கருவி சரியாகப் போகாதபோது மறுபடியும் ஐந்து மாதத்துக்குப் பாதி. அடுத்த நிலையில் இருந்த முக்கிய இயக்குநர்களுக்கு 30 சதவீதம், மற்ற இயக்குநர்களுக்கு 20. அந்த வரிசையைப் பாருங்கள். விலையை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு அதிகமோ அவருக்கு வெட்டும் அதிகம். சம்பளத்தை வெட்டிக்கொள்வதால் மட்டும் ஒரு கம்பெனி தேறிவிடாது என்பதும் உண்மைதான், வெறும் சம்பிரதாயமாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் இவர் எந்த முடிவு தவறியது என்று சொல்லி, அந்த முடிவோடு வெட்டைக் கட்டினார். உங்கள் முறையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. அதிகாரமே இல்லாத சூப்பர்வைசருக்கு இன்கிரிமென்ட்டில் நூற்றுக்கு நூறு வெட்டு.

சரி, எப்படிச் செய்வது?

எம்.டி.யைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். அந்த 18 பேரில் தொடங்குங்கள். ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒவ்வொருவரும் எந்த இலக்கில் தவறினார், அதற்கான காரணம் எந்தத் துறையில், எந்தத் தேதியில் உண்டானது என்று மட்டும் எழுதுங்கள். தேதிகள் உங்கள் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரிலேயே இருக்கும். பர்ச்சேஸ் ரெக்விசிஷன் என்றைக்குப் போட்டார்கள், பில் என்றைக்கு பாஸ் ஆனது, பேமென்ட் என்றைக்கு ஒப்புதல் ஆனது, காயில் என்றைக்கு கேட் உள்ளே வந்தது. வெல்டிங் லைனுக்கும் அப்படியே, ஆர்டர் கொடுத்த தேதி, அட்வான்ஸ் போன தேதி, மின் இணைப்பு வந்த தேதி. தாளில் "தாமதம்", "அலட்சியம்" போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். தேதியே பேசும். உண்மையாகவே வேலை சரியில்லாதவர்களும் அந்த 18-இல் இருப்பார்கள், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எல்லாரையும் காப்பாற்றும் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்தத் தாளோடு நேரே எம்.டி. ரூமுக்குப் போகாதீர்கள். நீங்கள் உதவி மேலாளர். உங்கள் மேலாளரைத் தாண்டிப் போனால் விஷயம் விட்டுப்போய் நீங்கள்தான் விஷயம் ஆவீர்கள். முதலில் அவரிடம் காட்டுங்கள். அப்புறம் குவாலிட்டி தலைவரிடம். ஏன் குவாலிட்டி என்று சொல்கிறேன்.

வாகனக் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிற நீங்கள் அநேகமாக ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றிதழ் வைத்திருப்பீர்கள். எல்லாரும் அதை குவாலிட்டி துறையின் ஃபைல் வேலை என்று நினைக்கிறார்கள். அதில் 5-வது பிரிவு முழுக்கத் தலைமையின் பொறுப்பு பற்றியது. 9.3-இல் வரும் மேனேஜ்மென்ட் ரிவ்யூ வருடத்துக்கு ஒரு முறையாவது நடந்தே ஆக வேண்டும், கஸ்டமர் ஸ்கோர்கார்டு அங்கே வைக்கப்பட வேண்டும். கஸ்டமர் வைத்த இலக்கைக் கம்பெனி எட்டாவிட்டால், உயர் நிர்வாகமே ஒரு நடவடிக்கைத் திட்டத்தை எழுத்தில் வைத்து நிறைவேற்ற வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. சூப்பர்வைசரிடம் கேள் என்று சொல்லவில்லை. உங்கள் டெலிவரி ஸ்கோர் விழுந்திருக்கிறது. அடுத்த ஆடிட்டில் ஆடிட்டர் அந்தத் திட்டத்தைக் கேட்பார். பி.ஐ.பி. போட்ட 18 கடிதங்களைக் காட்டினால் அது திட்டம் ஆகாது. குவாலிட்டி தலைவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால் அவர் உங்கள் பக்கம் நிற்பார். ஆக, நீங்கள் புதிதாக ஒரு கூட்டமும் கேட்க வேண்டாம். எம்.டி. ஏற்கெனவே தலைமை தாங்குகிற மேனேஜ்மென்ட் ரிவ்யூ கூட்டத்திலேயே (எம்.ஆர்.எம்.) இந்தத் தாளுக்கு ஒரு இடம் இருக்கிறது. அவசரத்துக்குத் தனி வண்டி வைத்து அனுப்பிய சரக்குக்கு ஆன செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கு வந்தால் முதலாளிக்குச் சீக்கிரம் புரியும்.

கூட்டத்தில் பேசும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் இப்படிச் சொல்லுங்கள். "சார், 18 பேரோட ரேட்டிங்கையும் காரணத்தோட பார்த்தோம். இத்தனை பேருக்குக் காரணம் அவங்க கையில இருந்தது. மீதிப் பேருக்கு மெட்டீரியலும் லைனும் லேட் ஆனது. அதைச் சரி பண்ணாம இவங்களுக்கு பி.ஐ.பி. கொடுத்தா, அடுத்த வருஷம் புது ஆளுங்களுக்கும் இதே நம்பர்தான் வரும்." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் கேட்கிறவருக்குத் தன் பங்கு தெரியும். பாதிப் பேர் இந்த இடத்தில், "பேமென்ட் லிமிட்டை ஏத்திடலாம்" என்று தானாகவே சொல்லிவிடுவார்கள். அது நடந்தால் அதுவே பெரிய வெற்றி.

அதற்குப் பிறகுதான் துறைத் தலைவர்களின் ரேட்டிங். ஒன்பது பேரும் ஊழியர்கள், அவர்களுக்கு பெல் கர்வ் (கடைசி இத்தனை சதவீதம் என்று கட்டாயமாகப் பிரிக்கும் முறை) பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு அந்த முறையிலேயே நம்பிக்கை கிடையாது, மைக்ரோசாஃப்ட் 2013-இலேயே அதைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் வைத்தால் எல்லாருக்கும் வையுங்கள், எடுத்தால் எல்லாருக்கும் எடுங்கள். தலைவர்களின் இன்சென்டிவில் ஒரு நல்ல பகுதி கம்பெனியின் டெலிவரி ஸ்கோரோடு கட்டப்பட வேண்டும். தன் துறை நன்றாக இருந்தது, கம்பெனிதான் சறுக்கியது என்று ஒரு தலைவர் சொல்லவே முடியாதபடி அது இருக்க வேண்டும்.

எம்.டி.யின் தாளைக் கடைசியில் வையுங்கள், ஆனால் வைக்காமல் விடாதீர்கள். மூன்று நாலு வரி போதும். ஒப்புதல்கள் எத்தனை நாளில் நகர்கின்றன, அவர் இல்லாதபோது யார் கையெழுத்துப் போடுவார்கள் என்ற அதிகாரப் பட்டியல் இருக்கிறதா, முதலீட்டுத் திட்டங்கள் சொன்ன தேதியில் முடிகின்றனவா, 4-உம் 5-உம் வாங்கியவர்களில் எத்தனை பேர் கம்பெனியை விட்டுப் போனார்கள். இதைப் படிக்க வேண்டியவர் சேர்மன். அப்பாவும் மகனும் மட்டும் உட்கார்ந்து பேசினால் அது குடும்பப் பேச்சாகிவிடும், அதனால் வெளியாள் ஒருவர் கூட இருப்பது நல்லது. தொழிலில் பெயர் வாங்கி ஓய்வுபெற்ற யாரையாவது இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளலாம், பிரைவேட் கம்பெனியும் சேர்க்கலாம். உங்கள் ஸ்டாட்யூட்டரி ஆடிட்டரை (சட்டப்படி கணக்குத் தணிக்கை செய்பவரை) மட்டும் இதற்குக் கூப்பிடாதீர்கள், நிர்வாக வேலை எதையும் அவர் தொடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். மொட்டைக் கடிதம் வேண்டாம். தலைமையைப் பற்றி எல்லாரும் பெயரில்லாமல் கருத்து எழுதும் சர்வே முதல் வருடம் வேண்டாம், மனக்கசப்பெல்லாம் அதில் கொட்டும், தேதி வைத்த தாளின் பலம் போய்விடும். எம்.டி. எத்தனை மணிக்கு வருகிறார் என்று பஞ்ச் கணக்கு எடுக்க வேண்டாம். இரவு பத்து மணிக்குக் கஸ்டமரோடு பேசுகிறவரிடம் காலை ஒன்பது மணியைக் கேட்பதில் அர்த்தம் இல்லை. நடத்தை விதிகள் மட்டும் வேறு. பெண் ஊழியர்களிடம் நடந்துகொள்ளும் முறை, பணம், பாதுகாப்பு, இவற்றில் பதவிக்குத் தகுந்த ஃபாரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2019-இல் மெக்டொனால்ட்ஸ் தன் தலைவர் ஈஸ்டர்புரூக்கை, ஊழியர் ஒருவருடன் விதிமீறிய உறவு வைத்ததற்காக வெளியே அனுப்பியது. ஆனால் காரணமின்றி விலக்கியதாகக் காட்டி பெரிய தொகையும் கொடுத்தது. அவர் உண்மையை மறைத்தது பிறகு தெரிந்து வழக்குப் போட்டு, 2021 டிசம்பரில் 10.5 கோடி டாலருக்கு மேல் திரும்ப வாங்கியது. சாதாரண ஊழியர் அதே தவறைச் செய்திருந்தால் அந்தத் தொகையோடு போயிருக்கவே மாட்டார்.

இதற்கெல்லாம் நாள் ஆகும். பி.ஐ.பி. மூன்று மாதக் கெடு அதற்குள் ஓடிவிடும். அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஃபாரத்தில் "ஊழியரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம்" என்று ஒரு கட்டம் சேர்த்து, அதை ப்ளானிங் துறை தேதியோடு உறுதிசெய்தால் அந்த இலக்கின் எடையை மற்றவற்றுக்குப் பகிர வேண்டும், 85-க்குக் கீழே என்ற அடிக்குறிப்பு விதியும் அங்கே பொருந்தக் கூடாது என்று உங்கள் மேலாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். இது முறையில் செய்யும் சின்னத் திருத்தம், எம்.டி.யின் கௌரவம் இதில் வராது. அந்த சூப்பர்வைசரின் 2 இதிலேயே மாறிவிடும். அவரைக் கூப்பிட்டு, கேட்டது நியாயம், உங்கள் ரேட்டிங்கைத் திரும்பப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். எம்.டி.க்கும் அப்ரைசல் வரப்போகிறது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது இன்னும் உங்கள் கையில் இல்லை. இன்னொன்று, குறைந்த ரேட்டிங்கைக் காட்டி யாருடைய சட்டப்படியான போனஸையும் நிறுத்த விடாதீர்கள். தகுதி உள்ளவர்களுக்கு 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும், மோசடி, திருட்டு போன்ற காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டால்தான் அது போகும்.

கடைசியாக உங்கள் வேலை. எம்.ஆர்.எம்.மில் குவாலிட்டி தலைவரும் உங்கள் மேலாளரும் சேர்ந்து வைக்கிற, தேதிகள் மட்டுமே உள்ள ஒரு தாளுக்காக யாரும் உங்களை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எம்.டி. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடலாம். அப்படி விட்டால் அடுத்த காலாண்டில் அதே தாளைப் புதுத் தேதிகளோடு வையுங்கள். காரணம் மேலே இருக்கிறது என்று தெரிந்த பிறகும், பெயருக்கு ஒரு பி.ஐ.பி. நடத்தி ஆட்களை அனுப்பச் சொன்னால், உங்கள் கருத்தை மேலாளருக்கு மெயிலில் எழுதிவிட்டு, வேறு கம்பெனிகளில் விசாரிக்கத் தொடங்குங்கள். அந்தக் கடிதங்களில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. வீட்டுக்கடன் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத் தேட வேண்டாம், இருந்துகொண்டே தேடலாம். 18 பேரின் தாளைத் தயார் செய்ததும், பெயர்களை மறைத்து எனக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு முன் ஒரு முறை சரிபார்த்துத் தருகிறேன்.